அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை? கொத்தடிமை முறை மனத்தைக் கட்டும் விதம்

செங்கல் சூளையிலிருந்தோ மரம் வெட்டும் இடத்திலிருந்தோ கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். சங்கிலி இல்லை, சுற்றுச்சுவர்கூட இல்லை, கூப்பிடு தூரத்தில் பேருந்து போகிறது. பிறகு ஏன் அந்தக் குடும்பம் இத்தனை ஆண்டுகள் அங்கேயே கிடந்தது?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'பயந்த ஜனங்கள்', 'விவரம் தெரியாதவர்கள்' என்று பதில் சொல்லி நகர்ந்துவிட்டால் எதுவும் புரியாது. ஆளை அடைத்து வைக்க, சுவர் கட்டுவதைவிடச் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மனிதருடைய நல்ல குணங்களைப் பிடித்துக்கொள்கின்றன. வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும் என்ற நாணயம், ஆபத்தில் உதவியவரிடம் காட்டும் நன்றி, பிள்ளைகள் மேல் உள்ள பாசம். இவற்றில்தான் கயிறு திரிக்கிறார்கள்.

அது எப்படி நடக்கிறது, உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ நடந்தால் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கொத்தடிமை என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

கடனோ முன்பணமோ வாங்கியதற்கு ஈடாக உழைப்பவர், நான்கு உரிமைகளில் ஒன்றை இழந்திருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை. கடன் அவர் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்பாவோ தாத்தாவோ வாங்கிய கடனுக்கு உழைத்தாலும் அவர் கொத்தடிமைதான்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் இப்படிச் சொல்கிறது. கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-வது பிரிவு முன்பே தடை செய்திருக்கிறது. சட்டத்தில் எங்கேயும் சங்கிலி வேண்டும், பூட்டு வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இது எங்கோ நாலு பேருக்கு நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ல் உலகில் 2 கோடியே 80 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள்.

கயிறு எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலும் ஒரு நல்ல காரியத்தில். மகளுக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன், மழைக்காலத்தில் வீட்டில் அரிசி இல்லை. வங்கி வாசலில் நிற்க முடியாது. அப்போது மேஸ்திரி (ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகர்) அட்வான்ஸோடு வருகிறார். கேட்டதும் கொடுக்கிறார், பத்திரம்கூடக் கேட்பதில்லை. வாங்குபவரின் மனத்தில் முதலில் பதிவது நன்றிதான்.

30,000 ரூபாய் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசு கழியும், மழையில் கரைந்த பச்சைக் கல் கழியும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கடன் ஏறும். பருவம் முடியும்போது 'உன் பேரில் இன்னும் 18,000 நிற்கிறது' என்பார்கள்.

கணக்கு நோட்டு மேஸ்திரியிடம் இருக்கிறது. வாங்கியவரிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை. கணக்கு தப்பு என்று அவருக்குச் சந்தேகம் வரலாம், ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. எவ்வளவு பாக்கி என்பதை ஒருவர் மட்டுமே சொல்ல முடிகிற இடத்தில், என்றைக்கு விடுதலை என்பதையும் அந்த ஒருவர்தான் சொல்வார்.

இந்தக் கணக்கு முறை தமிழர்களுக்குப் பழையது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்து ஆள் கூட்டிப் போன கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் பேரிலேயே கடனாக எழுதினார். ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டும் என்றால், மொத்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921-ல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

கடனே இல்லாமலும் இப்படிக் கட்ட முடியுமா?

முடியும், கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் நூற்பாலைகள் சில நடத்திய 'சுமங்கலித் திட்டம்' அப்படித்தான் இயங்கியது. இளம்பெண்கள் விடுதியில் தங்கி மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். முடித்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்தத் தொகை போய்விடும் என்ற பயம், விடுதிக் காவலாளியைவிட நன்றாகக் காவல் காத்தது. அந்தப் பெண்கள் நிறுத்தப்பட்டது பெற்றோருக்குப் பாரமாகக் கூடாது என்ற எண்ணத்தை வைத்து.

மனத்தை வசப்படுத்தும் முறைகள் என்னென்ன?

ஆல்பர்ட் பைடர்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கொரியப் போரில் பிடிபட்ட விமானப் படையினரிடம் பொய் வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று ஆராய்ந்து 1957-ல் எழுதினார். அடியும் சித்திரவதையும் அதிகம் தேவைப்படவில்லை என்பது அவர் கண்டது. தனிமைப்படுத்துவது, உடம்பைச் சோர வைப்பது, மிரட்டுவது, அவ்வப்போது சின்னச் சலுகை தருவது, இழிவுபடுத்துவது என்று எட்டு வழிகளை அவர் பட்டியலிட்டார். நான்கை மட்டும் பார்ப்போம். போர்க் கைதிகள் முகாமுக்குச் சொன்னவை பண்ணைக்கும் சூளைக்கும் பொருந்துவதைக் காண்பீர்கள்.

முதலாவது, தனிமை. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள், வெளியுலகத்தோடு தொடர்பு தரும் எழுத்தைக் கண்டு அஞ்சினார்கள். தென் கரோலினாவில் 1740-லேயே அடிமைக்கு எழுதக் கற்றுத் தருவது குற்றமாக்கப்பட்டது. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி, பிறகு உலகம் அறிந்த பேச்சாளரான ஃபிரடெரிக் டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் அதைத் தடுத்தார். படித்தால் அடிமை கைக்கு அடங்க மாட்டான் என்று அவர் சொன்னது காதில் விழுந்த அன்றே, தப்பிக்கும் வழி எது என்று டக்ளஸுக்குத் தெரிந்துவிட்டது.

இன்று அதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். சொந்த மாவட்டத்தில் வைக்காமல் வேறு மாவட்டத்துக்கு, வேற்று மொழி பேசும் மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சொந்தத்தில் சாவு என்றால் ஒருவரை மட்டும் அனுப்பி, மனைவியையோ பிள்ளையையோ பிணையாக நிறுத்துகிறார்கள். போனவர் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது, சோர்வு. அதிகாலை இரண்டு மணிக்கு மண் குழைக்க எழுந்தவருக்கு, அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தெம்பு இருக்காது. சோர்வோடு பணமுடையும் சேரும்போது மூளையின் பாரம் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத நாட்களிலும் அறுவடைக்குப் பின்பு காசுள்ள நாட்களிலும் அதே ஆட்களைச் சோதித்தது. காசில்லாத நாட்களில் அவர்களுடைய யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. அதற்குள் அவர்களுடைய அறிவு மாறிவிடவில்லை, கவலை அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருந்தது.

மூன்றாவது, அவ்வப்போது ஒரு சலுகை. இதுதான் பலருக்கும் புரியாதது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அடிமைகளுக்கு விடுமுறை கொடுத்து, வேண்டுமென்றே அளவுக்கு மீறிக் குடிக்க வைத்தார்கள் என்று டக்ளஸ் எழுதியிருக்கிறார். கலகம் வராமல் தடுக்க எஜமானர்களிடம் இருந்த நல்ல கருவி இந்த விடுமுறைதான் என்பது அவர் கணிப்பு. உள்ளே அடங்கிய கோபம் நீராவிபோல் வெளியேற ஒரு துவாரம் கிடைக்கும், 'சுதந்திரம் என்றால் இந்தத் தலைவலிதானா' என்ற எண்ணமும் வரும்.

தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தரும் ஓனர், பிரசவத்துக்குக் காரில் கூட்டிப் போகும் ஓனர் எல்லாம் வேஷக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடிக்கிற கையே எப்போதாவது ஆறுதலும் தரும்போது, அடிபட்டவர் அந்தக் கையை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறார். உளவியலார் இதை அதிர்ச்சிப் பிணைப்பு (துன்புறுத்துபவரிடமே உண்டாகும் பற்று) என்பார்கள். மீட்கப் போன அதிகாரியிடம் 'எங்க ஓனர் நல்லவருங்க' என்று தொழிலாளி சொல்வதற்கு ஒரு காரணம் இது.

நான்காவது, இழிவு. 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் ஓடிப்போவதை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு டிராபெட்டோமேனியா என்று பெயரும் வைத்தார். விடுதலைக்கு ஆசைப்படுவதே நோய் என்றால், அடங்கியிருப்பவர்தான் ஆரோக்கியமானவர். 'உங்க ஜனத்துக்குக் காசு தங்காது', 'எங்களை விட்டா உன்னை யார் வேலைக்கு வைப்பான்' என்ற இன்றைய பேச்சுக்கும் பயன் அதுதான். நாள்தோறும் கேட்டால் கேட்பவரே நம்பத் தொடங்குவார். கொத்தடிமையாகிறவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சாதி இந்தப் பேச்சுக்குப் பாதி வேலையை முன்பே செய்து வைத்திருக்கிறது.

அப்படியானால் அவர்கள் மனம் அடிமையாகிவிட்டதா?

இல்லை, இந்த இடத்தில் கவனம் வேண்டும். பணிந்து நடப்பது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. அமெரிக்க அடிமைகள் வேலையை மெதுவாகச் செய்தார்கள், கருவிகளை உடைத்தார்கள், ரகசியமாகப் படித்தார்கள், ஓடிப்போனார்கள். பல தலைமுறை பணிந்து நடந்த நம்முடைய தஞ்சைப் பண்ணையாட்களும் 1940-களில் சங்கம் சேர்ந்து நிமிர்ந்தார்கள். 1952-ல் அவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டமே வந்தது.

ஆகவே, ஒருவர் ஓடாமல் இருப்பது பல சமயம் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. ஓடினால் மேஸ்திரி ஊருக்கு வருவார், தம்பியைப் பிடிப்பார், அடுத்த முறை யாரும் அட்வான்ஸ் தர மாட்டார்கள். இருந்தால் பிள்ளைகளுக்கு இன்று சோறு உண்டு. அந்த இடத்தில் நின்று பார்த்தால், நீங்களும் நானும் எடுக்கும் முடிவும் வேறாக இருக்காது.

சம்மதித்துத்தானே வந்தார்கள்?

வாங்கும்போது சம்மதித்தார்கள், சரி. போக விரும்பும்போது போக முடிந்ததா? சட்டம் கேட்பது இதைத்தான். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. பசியும் வறுமையும் துரத்தி, வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைத்தால் அதுவும் கட்டாய உழைப்பே. கையெழுத்து, கைநாட்டு, 'சம்மதம்' எதுவும் இதை மாற்றாது.

என் வேலையும் அப்படிப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கஷ்டமான வேலை எல்லாம் கொத்தடிமை வேலை ஆகாது. கீழே உள்ளவற்றை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நாளைக் காலை இந்த வேலையை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா? 'பாக்கியை வைத்துவிட்டுப் போ' என்பார்களா?

உங்கள் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுத்தில் காட்டச் சொன்னால் காட்டுவார்களா?

குடும்பமாக ஊருக்குப் போய்வர விடுவார்களா, ஒருவரை நிறுத்திக்கொள்வார்களா?

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கின்றன?

சொந்தக்காரரிடம் போனில் பேசும்போது பக்கத்தில் யாராவது நின்று கேட்கிறார்களா?

உங்கள் பிள்ளையும் கணக்கில் சேர்ந்து வேலை செய்கிறதா?

இவற்றில் ஒன்று உறுத்தினாலே விசாரிக்கத் தகுந்த விஷயம்தான். முதல் கேள்விக்கே 'போக முடியாது' என்பது பதிலானால் காத்திருக்க வேண்டாம்.

வாங்கிய கடனைக் கட்டாமல் போவது துரோகம் இல்லையா?

மீட்புக்குத் தடையாக நிற்பவற்றில் பெரியது இந்தக் கேள்விதான். உங்கள் நாணயத்தை மதித்தே பதில் சொல்கிறேன். கொத்தடிமைக் கடன் சட்டப்படி செத்த கடன். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவு அதை அடியோடு ரத்து செய்துவிட்டது. அதை வசூலிக்க யாரும் சிவில் வழக்குப் போட முடியாது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்குவதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கடனுக்காக உங்கள் சொத்தைப் பிடித்து வைத்திருந்தால் அதையும் திருப்பித் தர வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், நியாயத்துக்கே வருவோம். உங்களுக்கு வர வேண்டிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதிப் பாதியைக் கடனில் கழித்தவருக்கு நீங்கள் என்ன பாக்கி? உழைத்த நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். பல குடும்பங்களுக்குப் பாக்கி வைத்திருப்பவர் ஓனர் என்று தெரியவரும்.

திருட்டுக் கேஸ் போட்டுவிடுவார்களே?

மிரட்டலில் அடிக்கடி வருவது இதுதான். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போவது திருட்டு ஆகாது. ஆனாலும் பொய்ப் புகார் வரலாம் என்பதால், நீங்கள் முந்திக்கொள்வது நல்லது. ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

என்னிடம் ஆதாரமே இல்லையே?

தேவையில்லை. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. சட்டத்தின் 15-வது பிரிவு இதைச் சொல்கிறது. கணக்கு நோட்டு எதிராளியிடம் இருக்கும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட பிரிவு இது.

யாரிடம், எப்படிப் போவது?

இந்தச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியருக்கும் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். வேலை இடத்திலிருந்து வர முடியாது என்றால் ஊரில் உள்ள சொந்தக்காரர் உங்கள் சார்பில் கொடுக்கலாம்.

மனுவில் பெரிய வார்த்தைகள் வேண்டாம். எந்த இடம், யார் கூட்டிப் போனார், எப்போது, எவ்வளவு முன்பணம், எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, போக விடாமல் என்ன சொல்கிறார்கள் என்பவை போதும். அடிதடி, உயிர் ஆபத்து என்றால் 112. குழந்தைகள் இருந்தால் 1098. பெண்களுக்கு 181.

மீட்கப்பட்டதும் விடுதலைச் சான்றிதழைக் (கடனும் கட்டும் ஒழிந்தன என்று அதிகாரி தரும் காகிதம்) கேட்டு வாங்குங்கள். இது கையில் இல்லாமல் அரசு மறுவாழ்வுத் தொகை கிடைப்பது கடினம். மத்திய அரசுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு இணைந்தது, ஆகவே தாமதமாகலாம். அதனால் வழக்கு எண்ணைக் குறித்து வைத்துத் தொடர்ந்து விசாரியுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு?

அங்கே கயிறாக இருப்பது பாஸ்போர்ட். 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று வாங்கிக்கொள்வார்கள். சட்டப்படி உங்கள் பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை, எந்த முதலாளிக்கும் அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள உரிமை இல்லை. நகலைக் கொடுங்கள், அசலைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் எண், விசாவின் படம், வேலை ஒப்பந்தம் மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டே விமானம் ஏறுங்கள்.

2022-லிருந்து புது வகை ஒன்று வந்திருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பக்கம் அடைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்தார்கள். தமிழ் இளைஞர்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். 'நீயும் மோசடி செய்தவன்தான், போலீஸுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள்' என்பதே அங்கே பூட்டு. நம் குற்ற உணர்ச்சியையே காவலுக்கு வைக்கிறார்கள். நீங்களோ உங்கள் பிள்ளையோ இதில் சிக்கினால், மிரட்டி வாங்கப்பட்ட வேலை என்பதைச் சொல்லி இந்தியத் தூதரகத்தைத் தயங்காமல் அணுகுங்கள்.

சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டால், புறப்படும் முன்பே உங்களைக் கடனாளியாக்குகிறார் என்று பொருள்.

மீண்டு வந்தவரிடம் எப்படிப் பழகுவது?

'ஏன் முன்னாடியே வரல' என்று கேட்காதீர்கள். கேட்டால், குற்றம் தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

வந்த சில வாரங்களில் திரும்பப் போக வேண்டும் என்று அவர் சொல்லலாம். கோபப்பட வேண்டாம், ஏன் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. 1967-ல் செலிக்மன், மையர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தப்பவே முடியாத மின் அதிர்ச்சிக்குப் பழகிய நாய்களில் பல, பிறகு தடுப்பைத் தாண்டிப் போக வழி இருந்தும் படுத்தே கிடந்ததைக் கண்டார்கள். 'தாண்டு' என்று ஊக்கியும் பயனில்லை. கயிற்றில் பிடித்துப் பல முறை தடுப்பைத் தாண்ட வைத்த பிறகே அவை தாமாகத் தாண்டின. அதே ஆய்வாளர்கள் 2016-ல் தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்தினார்கள். கடும் துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பான எதிர்வினை, நம்மால் முடியும் என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. புத்திமதி சொல்வதைவிடக் கூடப் போவது பயன்படும். வங்கிக்கு முதல் முறை அவரோடு போங்கள், படிவத்தை அவரையே நிரப்பச் சொல்லுங்கள், பணத்தை அவர் கையாலேயே எண்ணி வாங்க வைத்து, செலவை அவரே முடிவு செய்ய விடுங்கள். எந்த வேலை, எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பதை நல்லெண்ணத்தில்கூட நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். பழைய ஓனர் செய்ததும் அதுதான்.

வறுமை தொடர்ந்தால் அட்வான்ஸும் தொடர்ந்து வாசலுக்கு வரும். ஆகவே ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றை வாங்க உதவுவது, மனத்துக்கு மருந்து தருவதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

விசாரிக்கப் போகும் அலுவலராகவோ தன்னார்வலராகவோ நீங்கள் இருந்தால், ஓனரும் மேஸ்திரியும் நிற்கும் இடத்தில் கேட்காதீர்கள். தனியே அழைத்து, நேரம் கொடுத்துக் கேளுங்கள். சூளையில் சொன்ன பதிலும் அலுவலகத்தில் சொல்லும் பதிலும் வேறாக இருப்பது பொய்யல்ல, பயம் விலகுவதன் அடையாளம்.

நான் முன்பணம் கொடுத்துத்தான் ஆள் வைத்திருக்கிறேன். நானும் குற்றவாளியா?

பணம் கொடுத்தது மட்டும் குற்றம் ஆகாது. அதைக் காட்டி ஆளை நிறுத்துவதுதான் குற்றம். குறைந்தபட்சக் கூலியைக் குறையாமல் கொடுங்கள், வாரக் கணக்கை எழுதி ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள், போகிறேன் என்றால் போக விடுங்கள். 'பாக்கியை வைத்துவிட்டுப் போ' என்று சொன்ன நிமிடத்தில் நீங்கள் கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். வீட்டில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே விதிதான். அவர் ஆதாரும் போனும் அவரிடமே இருக்கட்டும்.

வெளியிலிருந்து பார்க்கும் நான் என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும். மனு கொடுக்க நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் எல்லையில் உள்ள சூளையில், அரிசி ஆலையில், கரி மூட்டத்தில் பள்ளி நேரத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா, கடைக்குக்கூட ஒருவரையே அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நேரே போய் ஓனரிடம் சண்டை போடாதீர்கள். ஒரே இரவில் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். இடத்தையும் தோராயமான ஆள் கணக்கையும் மட்டும் எழுதி ஆட்சியருக்கு அனுப்புங்கள். விசாரிப்பது அரசின் கடமை, நிரூபிப்பது கடன் கொடுத்தவரின் பொறுப்பு. சொல்ல வேண்டியது மட்டுமே உங்களுடையது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.